நம் மைதானத்துக்கு எந்த ஹொக்கி மட்டை? கையில் உள்ள காசுக்குள் நல்ல சாமான் வாங்குவது

பாடசாலை ஹொக்கி அணிக்குப் பழைய மாணவர் சங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டால், கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி "எத்தனை மட்டை வாங்கலாம்?" என்பதுதான். பெற்றோரும் அப்படித்தான். மகள் அணியில் சேர்ந்துவிட்டாள் என்றதும் "ஒரு நல்ல மட்டை என்ன விலை சேர்?" என்று கேட்பார்கள். எந்தத் தரையில், எந்த வயதுப் பிள்ளை அதைப் பிடிக்கப் போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தால் விலைக் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம் பிள்ளைகள் ஓடுவது பாதி புல்லும் பாதி மணலுமான மைதானங்களில். கல்லடி, களுதாவளை, திருக்கோவில் போன்ற கரையோரங்களில் மணல் அதிகம். உள்ளே படுவான்கரைக்கும் அம்பாறைப் பக்கத்துக்கும் போனால் கிறவல் தலைகாட்டும். மார்கழி மழையில் கோல் வாசலில் தண்ணீர் தேங்கும். கச்சான் காற்றுக் காலத்தில் புல் கருகி நிலம் வெடித்துக் கிடக்கும். இந்தத் தரையில் பந்து நேராக உருண்டு வராது, குதித்துக் குதித்துத்தான் வரும். ஆனால் விளம்பரங்களில் புகழப்படும் மட்டைகள் எல்லாம் கொழும்பு ரீட் அவென்யூவில் இருப்பது போன்ற செயற்கைத் தரைக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தத் தரைக்கு உரிய சிறப்புகளுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் நம் மைதானத்தில் எந்தப் பலனும் தராமல் போகிறது. மட்டையில் மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பிள்ளைகளின் பல்லுக்கும் காலுக்கும், முக்கியமாகக் கோல்காப்பாளருக்கும் செலவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இங்கே நமக்குக் கிடைக்கக்கூடிய வழிகள் நான்கு: மர மட்டை, காபன் குறைந்த புதிய பைபர் மட்டை, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பாவித்த உயர்தர மட்டை, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத "நூறு வீதக் காபன்" மட்டை.

மர மட்டையை இன்றைக்குப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது சரியல்ல. பாகிஸ்தானின் சியால்கோட்டிலும் இந்தியாவின் ஜலந்தரிலும் தலைமுறை தலைமுறையாக முசுக்கொட்டை மரத்தில் மட்டை செய்து வந்திருக்கிறார்கள். இன்று உலகெங்கும் விற்கும் பைபர் மட்டைகளிலும் பெரும்பங்கு சியால்கோட்டில்தான் உருவாகிறது. மரம் அதிர்வை விழுங்கும். வேகமாக வரும் பந்து மட்டையில் பட்டுத் தெறிக்காமல் காலடியில் நிற்கும். தரம் 6, 7 பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது பந்தை நிறுத்துவது. அதற்கு மரம் நல்ல ஆசான்.

நல்ல மர மட்டையை அதன் வளைந்த தலையில் அடையாளம் காணலாம். வெளிச்சத்தில் பிடித்து மர இழையோட்டத்தைப் பாருங்கள். இழைகள் தண்டில் இறங்கி, தலையின் வளைவோடு சேர்ந்து வளைந்து, நுனிவரை அறுபடாமல் போக வேண்டும். சூடேற்றி வளைத்த மரத்தில் அப்படித்தான் இருக்கும். இழை நேராக வந்து வளைவில் வெட்டுப்பட்டு முடிந்தால், அந்தத் தலை நாலைந்து பலமான அடியிலேயே பிளக்கும். தடித்த வர்ணம் பூசி இழையே தெரியாமல் மறைத்த மர மட்டையை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மரத்துக்குப் பெரிய எதிரி ஈரம். மழை மைதானத்தில் விளையாடிவிட்டுத் துடைக்காமல் களஞ்சிய அறையில் சாத்தி வைத்தால், தலையில் நீர் ஊறி வீங்கி, காயும்போது வெடிப்பு விடும். நம் பக்கத்து மாரியைக் கணக்கில் எடுத்தால், ஒழுங்காகத் துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாத அணிக்கு மரம் ஒரு பருவத்துக்கு மேல் தாங்குவது கடினம்.

இரண்டாவது வழி பைபர் மட்டை. கண்ணாடி இழை, காபன் இழை, சிலவற்றில் கெவ்லர் போன்ற அரமிட் இழை, இவற்றைப் பசையில் தோய்த்து அச்சில் இறுக்கிச் செய்வார்கள். காபன் கூடினால் மட்டை விறைக்கும், அடி பலமாகப் போகும். கண்ணாடி இழை கூடினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பந்து கையில் இதமாகப் படும். அரமிட் அதிர்வைக் குறைக்கும். காபன் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு விலையும் ஏறும். குதித்து வரும் பந்தை விறைத்த மட்டையால் நிறுத்தப் பார்க்கும் பிள்ளையிடமிருந்து பந்து ஓரடி ஈரடி தள்ளிப்போய் விழும். எதிரணிக்கு அது போதும். ஆகவே நம் தரையில், பழகும் வயதில், இருபது முப்பது வீதத்துக்கு மேல் காபன் தேவையே இல்லை. பெரும்பாலும் கண்ணாடி இழையால் செய்த மட்டைதான் விலையிலும் கீழே இருக்கிறது, விளையாட்டுக்கும் ஏற்றதாக இருக்கிறது. மலிவானதும் பொருத்தமானதும் ஒன்றாக அமையும் இந்த இடத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

மட்டையில் அச்சிட்டிருக்கும் வீதத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் மட்டையை இன்னொரு நிறுவனத்தின் மட்டையோடு ஒப்பிடவும் முடியாது. எதில் எத்தனை வீதம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் முறையில் கணக்கிடுகிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மட்டைகளை ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும். சர்வதேச ஹொக்கி சம்மேளனத்தின் விதி கேட்பது வேறு விஷயங்கள்: மட்டை 737 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, நீளம் 105 சென்றிமீற்றரைத் தாண்டக் கூடாது, 51 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும், தண்டின் வளைவு 25 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது.

கடையில் எப்படிச் சோதிப்பது? இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். முதலில் மட்டையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, கைபிடி நுனியிலிருந்து தலைவரை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முன்பின்னாக ஒரு வளைவு இருக்கும், அது வேண்டியதே. இடம் வலமாகத் திருகல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். அடுத்து, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடிக் கவுண்டரில் படுக்க வையுங்கள். கவுண்டருக்கும் தண்டுக்கும் இடையே தெரியும் இடைவெளிதான் வளைவு. அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்தால் அளவு தெரியும். அதிக இடைவெளி தண்டின் நடுப்பக்கமாக இருந்தால் பழகுபவருக்கு ஏற்றது. தலைக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் அது இழுத்துத் தூக்கி அடிக்கும் நிபுணர்களுக்கான மட்டை. நம் பிள்ளைகள் அதால் அடித்தால் பந்து தானாகவே மேலே எழும்பும். ஆபத்தான பந்து என்று நடுவர் விசிலடிப்பார், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குக் காயமும் வரலாம்.

பிறகு கைபிடியை இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு நாணயத்தால் தண்டின் மேலிருந்து தலைவரை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். ஒலி ஒரே சீராக, கணீரென்று இறங்கி வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே இழை அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. தலையின் உள்வளைவைப் பெருவிரலால் அழுத்துங்கள், எந்த இடமும் அமுங்கக் கூடாது. நகத்தை வைத்துக் கீறுகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் வர்ணம் மட்டும்தான் உரிந்திருக்கிறது. நகம் மாட்டினால் இழையே அறுந்திருக்கிறது. கடைசியாகக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால், உடைந்த பசைத்துண்டோ நுரைத்துண்டோ உள்ளே கிடக்கிறது.

நிறையையும் பார்த்துவிட வேண்டும். மட்டையில் எழுதியிருப்பதை நம்புவதைவிட, பக்கத்துப் பலசரக்குக் கடையில் "நானா, அந்தத் தராசில ஒருக்கா வச்சுப் பார்க்கட்டா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. வளர்ந்த மாணவருக்கு 520 முதல் 560 கிராம்வரை நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு 500க்குக் கீழே இருக்க வேண்டும். நீளமும் அப்படித்தான். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் 36.5 அங்குல மட்டையையே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். நேராக நிற்கும் பிள்ளையின் பக்கத்தில் மட்டையை நிறுத்தினால் அதன் நுனி இடுப்பெலும்பு அளவில் நிற்க வேண்டும். தரம் 6 பிள்ளைக்கு அது பெரும்பாலும் 33, 34 அங்குலமாகத்தான் வரும். நீளமான மட்டையைப் பிடிக்கும் பிள்ளை குனியாது. நிமிர்ந்தே நின்று பழகிவிட்டால் பிறகு எந்தப் பயிற்றுநராலும் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. காபன் வீதத்தில் விடும் பிழையைவிட நீளத்தில் விடும் பிழை பிள்ளையின் விளையாட்டை அதிகம் கெடுக்கும்.

மூன்றாவது வழி நம் ஊருக்கே உரியது. லண்டனில், கனடாவில், சுவிஸில் இருக்கும் மாமாவோ சித்தியோ ஊருக்கு வரும்போது, அங்கே யாரோ பாவித்த மட்டைகளைக் கொண்டு வருவார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் மட்டை இலவசமாக வருகிறது என்றால் யாருக்கும் சந்தோஷம்தான். அனுப்பும் அன்பையும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அங்கே வளர்ந்தவர்கள் நனைந்த செயற்கைத் தரையில் விளையாடிவிட்டுக் கழிக்கும் மட்டைகள் பெரும்பாலும் காபன் மிகுந்தவை, தலைப்பக்கம் வளைவு இறங்கியவை, சில 37.5 அங்குலம்வரை நீண்டவை. அணியின் மூத்த, அடி பலமுள்ள ஒன்றிரண்டு பேருக்கு அவை பொன்னானவை. மற்றவர்களுக்குச் சுமை.

பாவித்த மட்டையில் கட்டாயம் செய்ய வேண்டியது, கைபிடியில் சுற்றியிருக்கும் பட்டியான கிறிப்பைக் கழற்றிப் பார்ப்பது. கைபிடி நுனியிலுள்ள டேப்பைப் பிரித்து, கிறிப்பைச் சுற்றிச் சுற்றி எடுத்தால் அடியில் உண்மை தெரியும். கைபிடி முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடினால், அது நடு ஆட்டத்தில் இரண்டாக முறியும் மட்டை. தலையில் டேப் மேல் டேப்பாகச் சுற்றியிருந்தால் அதையும் பிரியுங்கள். அடியில் வெடிப்பை மறைத்திருக்கலாம். வெடிப்பு இல்லாவிட்டாலும், அந்தத் தடிப்பால் மட்டை நடுவரின் வளையத்துக்குள் நுழையாமல் போகலாம். விளிம்பு தேய்ந்து இழைகள் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தால் அதை விளையாட்டில் பாவிக்க விதி இடம் கொடாது, கையையும் கிழிக்கும். வெளிநாட்டு உறவினரிடம் கேட்பதானால், "ஒரு மட்டை கொண்டு வாங்கோ" என்று பொதுவாகச் சொல்லாமல், நீளம், நிறை, வளைவு இருக்க வேண்டிய இடம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். 36.5 அங்குலம் என்பது கிட்டத்தட்ட 93 சென்றிமீற்றர். சாதாரண சூட்கேஸில் அது அடங்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உண்மையில் நான் கேட்கச் சொல்வது வேறு. மட்டைக்குப் பதிலாகப் பாவித்த கோல்காப்பாளர் உடைகளைக் கேளுங்கள். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான்காவதை வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். பெயர் தெரியாத மட்டையில் "நூறு வீதக் காபன்" என்று எழுதி, மர மட்டை விலைக்குத் தருகிறார்கள் என்றால், எங்கோ ஏதோ குறைந்திருக்கிறது. கையில் பிடித்துத் தட்டிப் பார்க்கவும் வழியில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளரங்க ஹொக்கிக்கான மட்டைகள் மெல்லியவை, நிறை குறைந்தவை. அந்த ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடிக்க அனுமதியில்லை, தள்ளத்தான் வேண்டும். அந்த மட்டைகளும் இணையத்தில் இதே பட்டியலில் மலிவாகக் கலந்து கிடக்கின்றன. நம் மைதானத்தில் அதால் ஓங்கி அடித்தால் தாங்காது. பனிச்சறுக்கு ஹொக்கியின் நீண்ட மட்டைகூட அதே தேடலில் வரும். படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

விலையை எப்படி ஒப்பிடுவது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பேச்சுக்கு, ஒரு மர மட்டை ஆறாயிரம் ரூபா, ஒரு பைபர் மட்டை பத்தாயிரம் ரூபா என்று வையுங்கள். மரம் ஒரு பருவமும் பைபர் மூன்று பருவமும் தாங்கினால், பருவத்துக்கு மரம் ஆறாயிரம், பைபர் மூவாயிரத்துச் சொச்சம். அணிப் பொதுமட்டையாகப் பல கைகள் மாறுவதற்குப் பைபர்தான் மலிவு. ஆனால் தரம் 6இல் சேர்ந்து, அடுத்த வருடம் தொடருமா என்றே தெரியாத, வேகமாக வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு மூன்று பருவம் தாங்கும் மட்டை தேவையில்லை. சரியான நீளமுள்ள சின்ன மர மட்டை போதும். அதையே நன்றாகத் துடைத்து வைத்துத் தம்பி தங்கைக்குக் கொடுக்கலாம்.

பந்தில் பெரிய யோசனை தேவையில்லை. குழிகள் போட்ட விலைகூடிய பந்து நீர் தெளித்த செயற்கைத் தரைக்கு. நமக்கு வழுவழுப்பான பந்து போதும். 156 முதல் 163 கிராமுக்குள் இருக்க வேண்டும். கடையின் சீமெந்துத் தரையில் உருட்டிவிட்டால், உருண்டை பிசகிய பந்து தள்ளாடிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும்.

அந்த நிறையை இன்னொரு முறை வாசியுங்கள். கிரிக்கெட் பந்தின் நிறையும் அதேதான். கிரிக்கெட்டில் துடுப்பாட்டக்காரருக்குத் தலைக்கவசம், கால்காப்பு, கையுறை எல்லாம் இல்லாமல் கடினப் பந்தை எறிய எந்த ஆசிரியரும் விடமாட்டார். ஹொக்கியில் அதே நிறைப் பந்து, அதைவிடக் கடினமான பிளாஸ்டிக்கில், வெறுங்காலுறை போட்ட பிள்ளையை நோக்கி வருகிறது. கால்பந்துக்கு விற்கும் சின்ன ஷின் கார்டை மாட்டிவிட்டு "பாதுகாப்பு இருக்கு" என்கிறோம். அது முன்னெலும்பின் நடுவை மட்டும் மூடும். கணுக்காலின் இரு பக்கத்து எலும்பையும் விட்டுவிடும். ஹொக்கிக்கானது கணுக்காலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வரும், உள்ளே நுரை தடித்திருக்கும். வெளி ஓட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் வாங்க வேண்டாம். பெனால்டி கோர்னரில், அதாவது கோல் அருகே தடுக்கும் அணி செய்யும் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பில், கோலை நோக்கிய முதல் அடி கோலின் அடிப்பலகை உயரமான 460 மில்லிமீற்றருக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது என்பது விதி. அப்படியென்றால் விதிப்படியே அடித்தாலும் பந்து தடுப்பவரின் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவேதான் வந்து விழும்.

பல் காப்பானில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் வகை விலை குறைவு. சரியாகப் பொருத்தினால் நன்றாகவே காக்கும். வாயைத் திறந்தாலும் மேல்பல்லோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் திரும்பவும் பொருத்த வேண்டும். ஆளுக்கொன்று கட்டாயம், ஒருவருடையதை இன்னொருவர் மாற்றிப் போடவே கூடாது. சப்பாத்தைப் பொறுத்தவரை, நம் புல்லுக்குப் பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள இறப்பர் பல் வைத்த கால்பந்துச் சப்பாத்தே போதும்.

கோல்காப்பாளர் விஷயத்தில்தான் நம் பக்கத்தில் அதிகம் அலட்சியம் காட்டுகிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. பதினைந்து மட்டை வாங்கி முடித்த பிறகு மிஞ்சும் பணத்தில், கிரிக்கெட் விக்கெட் காப்பாளரின் கால்பட்டையையும் ஒரு பழைய ஹெல்மெட்டையும் மாட்டிக் கோலில் நிறுத்துகிறார்கள். கிரிக்கெட் கால்பட்டை பாதத்தை மூடாது. ஹொக்கிக் கோல்காப்பாளர் பந்தை உதைத்துத் தள்ளுவதே காலால்தான். அதற்குத்தான் கிக்கர் என்ற தடித்த நுரைச் சப்பாத்து உறை இருக்கிறது. முழு உடை அணியும் கோல்காப்பாளருக்குத் தலைக்கவசம், கால்காப்பு, கிக்கர் மூன்றும் குறைந்தபட்சம் வேண்டும் என்று விதியே சொல்கிறது. நெஞ்சுக்காப்பும் கைக்காப்பும் விதியின் குறைந்தபட்சத்தில் இல்லாவிட்டாலும் நான் அவற்றை விடச் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் அணிக்கு நெஞ்சுக்காப்பு கட்டாயம் என்பதே என் கருத்து.

பாவித்த கோல் உடையைச் சோதிப்பது இலகு. நுரையில் பெருவிரலை நன்றாக அழுத்தி எடுங்கள். குழி உடனே நிமிர்ந்தால் நுரைக்கு உயிர் இருக்கிறது. குழி மெல்ல மெல்ல எழும்பினால், அல்லது தடம் அப்படியே நின்றால், அது பந்தின் அடியை எலும்புக்குக் கடத்தும். பட்டிகளையும் வார்களையும் இழுத்துப் பாருங்கள். அவற்றை ஊரிலுள்ள சப்பாத்துத் தைக்கிறவரிடமே மாற்றலாம், நுரையை மாற்ற முடியாது. தலைக்கவசத்தின் கம்பிக்கூடு எந்த இடத்திலும் உள்ளே வளைந்திருக்கக் கூடாது. ஓட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதைக் கழிக்கத்தான் வேண்டும். ஓரளவு பாவித்த நல்ல நுரை, மலிவான புதிய மெல்லிய நுரையைவிட மேல். வெளிநாட்டு உறவினரிடம் மட்டைக்குப் பதில் இதைக் கேட்கச் சொன்னதன் காரணம் அதுதான். பழைய மட்டை நமக்குப் பொருந்தாமல் போகலாம். நுரை நன்றாக இருந்து அளவும் சரியாக இருந்தால், கோல் உடை எந்தத் தரையிலும் அதே காவலைத் தரும்.

ஆக, பணம் வந்தால் நான் வாங்கும் ஒழுங்கு இது. முதலில் கோல் உடை ஒரு தொகுதி, முடிந்தால் புதிதாக, முடியாவிட்டால் சோதித்த பாவித்தது. அடுத்து எல்லோருக்கும் ஷின் கார்டும் பல் காப்பானும். மூன்றாவதாகப் பந்துகள். மிஞ்சும் பணத்தில் மூத்தவர்களுக்குக் காபன் குறைந்த பைபர் மட்டை, சின்னவர்களுக்கு உரிய நீளத்தில் மர மட்டை. மட்டை இரண்டு மூன்று குறைந்தால் பயிற்சியில் மாறி மாறிப் பாவிக்கலாம். கிக்கரை இருவர் மாறி மாறிப் போட்டுக்கொண்டு கோலில் நிற்க முடியாது.

தனித்தனியாக வாங்காமல் பக்கத்துப் பாடசாலை இரண்டு மூன்றோடு சேர்ந்து ஒரே கட்டாக வாங்கினால், கொழும்புக் கடையில் விலையும் குறைத்துக் கேட்கலாம், இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் கூலியும் பங்காகிவிடும். ஓர் ஆசிரியர் நேரில் போய் மேலே சொன்னபடி ஒவ்வொரு மட்டையையும் தட்டிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். ஒரே பெட்டியில் வந்த ஒரே பெயர் மட்டைகளிலும் இரண்டு மந்தமாக ஒலிக்கும். பற்றுச்சீட்டில் மட்டையின் பெயர், நீளம், நிறை எழுதி வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் பிளந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் விலை குறைவாக இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.